நன்கொடையாளர்களைச் சமூக ஊடகத்தில் அடைவது: தொண்டு நிறுவனங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் பக்கத்தைப் பல்லாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். நன்கொடை மட்டும் ஏன் வருவதில்லை?

லைக் போட ஒரு விரல் போதும். பணம் அனுப்ப நம்பிக்கை வேண்டும், சில நிமிட நேரம் வேண்டும், ஒழுங்காக வேலை செய்யும் பக்கமும் வேண்டும். லைக் போட்டவரெல்லாம் கொடுக்கத் தயாராக இருப்பவர் என்று எண்ணுவதுதான் முதல் பிழை. யூனிசெஃபின் ஸ்வீடன் கிளை 2013-ல் இதையே விளம்பரமாகச் செய்தது. லைக்கால் எந்தக் குழந்தைக்கும் தடுப்பூசி கிடைக்காது, பணம் கொடுங்கள் என்பதுதான் அதன் சாரம். 2014-ல் வெளியான கிறிஸ்டோஃபர்சன், வைட், பெலோசா ஆகியோரின் ஆய்வும் இதை ஒட்டியதே. நாலு பேர் பார்க்கச் சிறு ஆதரவு காட்டியவர்கள், அதையே தனிமையில் செய்தவர்களைவிட, பிறகு உண்மையான உதவி கேட்டபோது குறைவாகவே முன்வந்தார்கள். நல்லவர் என்ற பெயர் ஏற்கெனவே கிடைத்துவிட்டதே!

இரண்டாவது காரணத்தைப் பலரும் கவனிப்பதில்லை. பதிவைப் பார்த்து மனம் இளகியவர் பணம் செலுத்தும் பக்கத்துக்கு வந்து, அங்கே சிக்கித் திரும்பிப் போயிருப்பார். மூன்றாவது, ஒருமுறை கொடுத்தவருக்கு அதன் பிறகு எந்தத் தகவலும் போயிருக்காது. அதனால் பதிவை மெருகேற்றும் முன் இந்த இரண்டு ஓட்டைகளையும் அடைத்துவிடுங்கள்.

எந்தத் தளத்தில் தொடங்குவது? எல்லாவற்றிலும் இருக்க வேண்டுமா?

வேண்டாம். ஆறு மாதமாக அசையாமல் கிடக்கும் பக்கத்தைப் பார்ப்பவர், நிறுவனத்தையே மூடிவிட்டார்கள் என்று நினைப்பார். கடந்த ஆண்டு கொடுத்தவர்களில் இருபது பேரைத் தொலைபேசியில் அழைத்து, எந்தச் செயலியை அதிகம் பார்க்கிறீர்கள் என்று கேளுங்கள். அந்தப் பதிலை வைத்து ஒரு பொதுத் தளத்தையும் ஒரு நேரடிச் செய்தி வழியையும் தேர்ந்தெடுங்கள். ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும், அல்லது இன்ஸ்டாகிராமும் மின்னஞ்சலும் என்று எந்த ஜோடியாகவும் இருக்கலாம்.

நேரடி வழி ஏன் கட்டாயம்? பொதுத் தளத்தில் உங்கள் பதிவு யார் கண்ணில் படும் என்பதை அந்தத் தளத்தின் அல்காரிதம் முடிவு செய்கிறது. பின்தொடர்பவர்களில் சிறு பங்கினருக்கே ஒவ்வொரு பதிவும் போய்ச் சேரும். கணக்கு முடக்கப்பட்டால் அதுவும் இல்லை. சம்மதத்தோடு வாங்கிய தொலைபேசி எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் உங்கள் கையில் இருப்பவை. எனவே ஒவ்வொரு பொதுப் பதிவும் கொஞ்சம் பேரையாவது அந்தப் பட்டியலுக்குக் கொண்டுவர வேண்டும்.

கணக்கு தொடங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஆர்வமுள்ள தன்னார்வலர் ஒருவர் தன் சொந்த எண்ணில் பக்கத்தைத் தொடங்குவார். இரண்டு ஆண்டு கழித்து வேறு வேலைக்குப் போவார். அவரோடு கடவுச்சொல்லும் போய்விடும். தொண்டு நிறுவனங்கள் பக்கத்தை இழப்பது பெரும்பாலும் இப்படித்தான், ஹேக்கரால் அல்ல.

கணக்கை நிறுவனத்தின் பெயரிலுள்ள மின்னஞ்சலிலும், நிறுவனமே கட்டணம் கட்டும் எண்ணிலும் தொடங்குங்கள். முழு அதிகாரமுள்ள அட்மின்கள் குறைந்தது இருவர் இருக்கட்டும். பதிவு மட்டும் போடுபவருக்கு அதற்கான அனுமதி மட்டும் போதும். இரண்டு-அடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, அது தரும் மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு அலுவலகக் கோப்பில் வையுங்கள். ஒருவர் விலகும் நாளிலேயே அவருடைய அனுமதியை நீக்குவது சாவியைத் திரும்ப வாங்குவது போன்ற சாதாரண நடைமுறை. அதில் சங்கடப்பட ஒன்றுமில்லை.

நன்கொடை கேட்கும் பதிவில் என்னென்ன இருக்க வேண்டும்?

யாருக்கு, எதற்கு, எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எப்படிக் கொடுப்பது. இந்த ஐந்தும் முதல் சில வரிகளுக்குள் வந்துவிட வேண்டும். நீண்ட பதிவுகளை "மேலும் பார்க்க" என்று தளமே மடக்கிவிடும். நிறுவனம் தொடங்கிய வரலாற்றோடு ஆரம்பிக்கும் பதிவுகளில், வேண்டுகோளே அந்த மடிப்புக்குள் போய் ஒளிந்துகொள்கிறது.

"உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்" என்பது பணிவாகத் தோன்றினாலும் படிப்பவரைக் குழப்பும் வாக்கியம். எவ்வளவு கொடுத்தால் மரியாதை என்று அவர் யோசிக்கத் தொடங்கி, அப்புறம் பார்க்கலாம் என்று நகர்ந்துவிடுவார். ஒரு மாணவியின் ஒரு பருவத்துப் பாடப்புத்தகங்களுக்கு இவ்வளவு, ஒரு சக்கர நாற்காலிக்கு இவ்வளவு என்று பொருளையும் தொகையையும் சேர்த்தே சொல்லுங்கள். அந்தத் தொகை உண்மைக் கணக்கிலிருந்து வர வேண்டும். கொண்டு சேர்க்கும் செலவும் ஊழியர் செலவும் அதற்குள் அடங்குமா என்பதையும் எழுதிவிடுங்கள்.

இன்னொரு வரியைப் பலர் மறக்கிறார்கள்: இலக்கைத் தாண்டிப் பணம் வந்தால் என்ன செய்வீர்கள்? ஒரு சிறுவனின் அறுவை சிகிச்சைக்கு என்று கேட்டு வாங்கிய பணத்தை வேறு பணிக்குத் திருப்புவது பல நாடுகளில் சட்டச் சிக்கலாகும். "கூடுதலாக வருவது இதே நோயுள்ள மற்றக் குழந்தைகளின் சிகிச்சைக்குப் பயன்படும்" என்ற ஒரு வாக்கியம் முதல் நாளே பதிவில் இருந்தால் பின்னால் வம்பு இல்லை.

பொது அறிவிப்பைப் பூஜ்யத்திலிருந்து தொடங்காதீர்கள். காலியான உண்டியலில் முதல் காசு போட யாருக்கும் தயக்கம்தான். நெருங்கிய ஆதரவாளர்களிடம் முன்கூட்டியே பேசி, இலக்கில் கால்வாசியாவது சேர்ந்த பிறகு பொதுவில் கேளுங்கள்.

ஒருவரின் கதையைச் சொல்வதா, புள்ளிவிவரத்தைச் சொல்வதா?

ஸ்மால், லோவன்ஸ்டைன், ஸ்லோவிக் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்ட சோதனையை நன்கொடைத் துறையில் இருப்பவர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். கலந்துகொண்டவர்களுக்கு 5 டாலர் கொடுத்து, அதில் விரும்பியதைத் தானம் செய்யலாம் என்றார்கள். ஆப்பிரிக்க நாடுகளின் பஞ்சம் பற்றிய எண்களை மட்டும் படித்தவர்கள் சராசரியாக 1.14 டாலர் கொடுத்தார்கள். ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியைப் பற்றி மட்டும் படித்தவர்கள் கொடுத்தது 2.38 டாலர். சிறுமியின் கதையோடு எண்களையும் சேர்த்துக் காட்டியபோது 1.43 டாலராக இறங்கிவிட்டது.

ஆகவே கோரிக்கைப் பதிவில் ஒரே ஒருவர் இருக்கட்டும். எண்களைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, இடம் மாற்றினால் போதும். ஆண்டறிக்கை, நன்கொடைப் பக்கத்தின் கீழ்ப்பகுதி, கமெண்டில் சந்தேகம் கேட்பவருக்குச் சொல்லும் பதில் ஆகிய இடங்களில் அவை நன்றாக வேலை செய்யும். பெரிய தொகை கொடுப்பவர்கள் பெரும்பாலும் எண்களைக் கேட்பார்கள்.

பயனாளிகளின் படத்தை, குறிப்பாகக் குழந்தைகளின் படத்தைப் போடலாமா?

எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் போடக் கூடாது. சம்மதப் படிவம் அவர்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். படம் எந்தத் தளத்தில், எவ்வளவு காலத்துக்கு என்பதையும், மறுத்தாலும் உதவி நிற்காது என்பதையும், பிறகு மனம் மாறினால் யாரிடம் சொல்லி எடுக்கச் சொல்வது என்பதையும் அதில் எழுதுங்கள். உதவிப் பொருளை ஒரு கையில் கொடுத்து மறு கையில் படிவத்தை நீட்டினால் அது சம்மதம் ஆகாது. வேறொரு நாளில் கேளுங்கள்.

குழந்தையானால் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதிப்பதோடு, குழந்தையிடமும் கேளுங்கள். பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்க வேண்டாம். சீருடையிலுள்ள பள்ளிச் சின்னம், பின்னணியிலுள்ள பெயர்ப் பலகை, பேருந்தின் வழித்தட எண் எல்லாமே இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும். வன்முறையிலிருந்து தப்பியவர், எச்ஐவி உள்ளவர் போன்றோரின் முகத்தை எந்தச் சம்மதத்தோடும் போடாமல் இருப்பதே எங்கள் பரிந்துரை. வேலை செய்யும் கைகள், முதுகுப்புறம், அவர் வரைந்த ஓவியம் இவையும் பேசும்.

அழுகையும் ஈ மொய்க்கும் முகமும் பணம் கொண்டுவரும் என்ற பழைய நம்பிக்கை சிலரிடம் இன்னும் இருக்கிறது. ஒருமுறை கொண்டுவரலாம். அந்தப் படத்தில் இருப்பவர் தன் கைப்பேசியில் அதைப் பார்க்க நேர்ந்தால் என்ன நினைப்பார் என்று கேட்டுப் பார்த்துவிட்டுப் பதிவிடுங்கள்.

இணைப்பைச் சொடுக்கியவர்கள் பாதியில் திரும்பிப் போகிறார்கள். எங்கே பிசகுகிறது?

பெரும்பாலும் ஐந்து இடங்களில்.

முதலாவது, செயலிக்குள்ளேயே திறக்கும் பிரவுசர். ஃபேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ இணைப்பைத் தொட்டால், பக்கம் வழக்கமான பிரவுசரில் திறக்காமல் அந்தச் செயலிக்குள்ளேயே திறக்கும். அங்கே அவர் சேமித்து வைத்த அட்டை விவரமோ கடவுச்சொல்லோ இருக்காது. ஓடிபி பார்க்க வேறு செயலிக்குப் போய்த் திரும்பினால், சில கைப்பேசிகளில் பக்கம் முதலிலிருந்து மீண்டும் ஏறும். நிரப்பியதெல்லாம் போச்சு. "பக்கம் நின்றுவிட்டால் மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு வெளிப் பிரவுசரில் திறங்கள்" என்று ஒரு வரி போடுங்கள். படிவத்தை ஒரே திரைக்குள் அடக்குங்கள்.

இரண்டாவது, நீளமான படிவம். தொகை, பெயர், தொடர்பு எண் அல்லது மின்னஞ்சல் ஆகியவற்றோடு நிறுத்துங்கள். சட்டம் கட்டாயம் கேட்கும் விவரம் தவிர மற்றதையெல்லாம் பணம் வந்த பிறகு, ரசீது அனுப்பும்போது கேட்கலாம். எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள் என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை.

மூன்றாவது, பதிவுக்கும் பக்கத்துக்கும் தொடர்பின்மை. சிறுமியின் படத்தைப் பார்த்து வந்தவருக்கு நிறுவனத் தலைவர் விருது வாங்கும் படம் கண்ணில் பட்டால், தவறான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று சந்தேகம் எழும். பதிவிலிருந்த அதே படமும் அதே தலைப்பும் பக்கத்தின் உச்சியில் இருக்க வேண்டும்.

நான்காவது, சுருக்கப்பட்ட இணைப்பு. எங்கே கொண்டுபோகும் என்று தெரியாத குட்டி இணைப்பு, மோசடிக்காரர்களின் இணைப்பைப் போலவே தெரியும். சொந்த இணையதள முகவரியின் கீழே சின்னதாக ஒரு பாதை அமைத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்டாகிராமில் படக்குறிப்பில் ஒட்டும் இணைப்பைத் தொட முடியாது என்பதும் நினைவிருக்கட்டும். சுயவிவரப் பகுதியிலோ, ஸ்டோரியின் லிங்க் ஸ்டிக்கரிலோதான் வைக்க வேண்டும்.

ஐந்தாவது, வங்கிக் கணக்கு எண்ணைப் படத்துக்குள் மட்டும் எழுதுவது. படத்திலுள்ள எண்ணைப் பலரால் காப்பி செய்ய முடியாது. ஒவ்வோர் இலக்கமாகப் பார்த்துத் தட்டும்போது ஒன்று பிசகும். பார்வையற்றவரின் ஸ்கிரீன் ரீடரும் அதைப் படிக்கத் திணறும். க்யூஆர் கோடும் அப்படியே: பதிவைக் கைப்பேசியில் பார்ப்பவர் அதே கைப்பேசியால் அதை எப்படி ஸ்கேன் செய்வார்? எழுத்தாகவும் இணைப்பாகவும் கூடவே கொடுங்கள்.

பிரசாரம் தொடங்கும் முந்தைய நாள், அலுவலக வைஃபையில் அல்லாமல் மொபைல் டேட்டாவில், பழைய விலை குறைந்த கைப்பேசி ஒன்றில், ஒவ்வொரு செயலியிலிருந்தும் இணைப்பைத் தொட்டு ஒரு சிறு தொகையை நீங்களே செலுத்திப் பாருங்கள். ரசீது வந்து சேரும்வரை காத்திருங்கள்.

இணைப்பைப் பகிரும்போது பழைய படமே வருகிறது. ஏன்?

பக்கத்தை முதல்முறை பகிர்ந்தபோது எடுத்த முன்னோட்டத்தை ஃபேஸ்புக் சேமித்து வைத்திருக்கிறது. அதன் ஷேரிங் டீபக்கர் கருவியில் முகவரியை இட்டு மீண்டும் எடுக்கச் சொன்னால் புதிய படம் வரும். முன்னோட்டப் படத்துக்கு 1200 × 630 பிக்சல், இன்ஸ்டாகிராமின் நெட்டுவாக்குப் படத்துக்கு 1080 × 1350, செங்குத்து வீடியோவுக்கு 1080 × 1920 பொருந்தும். வீடியோவுக்கு எழுத்து வரிகள் கட்டாயம். ஒலியை அணைத்தே பார்ப்பவர்கள் ஏராளம்.

வாட்ஸ்அப்பில் குழுவா, பிராட்காஸ்டா, சேனலா?

நன்கொடையாளர்களைக் குழுவில் சேர்க்காதீர்கள். எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பட்டியலை ஒருவர் எடுத்துத் தன் வணிகத்துக்குப் பயன்படுத்தினால் பழி உங்கள் தலையில் விழும். காலை வணக்கப் படங்களைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகவே போகும், பதிலும் உங்களுக்கு மட்டுமே வரும். ஆனால் உங்கள் எண்ணைத் தன் கைப்பேசியில் சேமித்தவருக்குத்தான் அது போய்ச் சேரும். "அனுப்பினோம், யாருமே பார்க்கவில்லை" என்ற புகாருக்குக் காரணம் இதுதான். நன்றிச் செய்தியிலேயே எண்ணைச் சேமிக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். 2023-ல் வந்த சேனல் ஒருவழிப் பாதை. பின்தொடர்பவர்களின் எண் ஒருவருக்கொருவர் தெரியாது, எண்ணிக்கைக் கவலையும் இல்லை. ஆனால் உரையாட முடியாது. பொதுச் செய்திக்குச் சேனல், கொடுத்தவர்களுக்கு பிராட்காஸ்ட் என்று பிரித்துக்கொள்ளலாம். விலைக்கு வாங்கிய எண்களுக்கு மொத்தமாக அனுப்பினால், புகார்கள் சேர்ந்து உங்கள் எண்ணே தடை செய்யப்படும்.

எத்தனை முறை கேட்கலாம்?

பணம் கேட்கும் பதிவு ஒன்றுக்கு, கேட்காத பதிவு மூன்றோ நான்கோ இருக்கட்டும். போன முறை பணம் என்ன ஆயிற்று, களத்தில் இன்று என்ன நடந்தது, எது சரிவரவில்லை என்பவை அந்தக் கேட்காத பதிவுகள். பிரசாரம் நடக்கும் ஒன்றிரண்டு வாரங்களில் இந்தக் கணக்கைத் தளர்த்தலாம். கடைசி இரண்டு நாளில் தினமும் நினைவூட்டினாலும் தவறில்லை. அவசர நிலை உண்மையிலேயே அவசரமானால் உடனே கேளுங்கள். எல்லா மாதமும் "அவசரம்" என்று எழுதினால், உண்மையான அவசரம் வரும்போது அந்தச் சொல்லுக்கு உயிர் இருக்காது.

ஐஸ் பக்கெட் சவால் மாதிரி எங்களுக்கும் வைரல் ஆக வழி உண்டா?

பனிக்கட்டி நீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு வீடியோ போடும் அந்தச் சவால், 2014 கோடையில், ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்காக உழைக்கும் அமெரிக்காவின் ஏஎல்எஸ் அசோசியேஷனுக்குச் சுமார் 11.5 கோடி டாலர் கொண்டுவந்தது. அதைத் தலைமையகத்தில் உட்கார்ந்து யாரும் திட்டமிடவில்லை. நோயாளிகளும் அவர்களுடைய நண்பர்களும் பரப்பியது அது. அதில் கற்க வேண்டியது அமைப்பை: செய்ய எளிது, பார்க்க வேடிக்கை, மூன்று பேரைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும், 24 மணி நேரக் கெடு. பெயர் சொல்லி அழைப்பதுதான் அதன் இயந்திரம். அடுத்த கோடைகளில் அதே சவாலைத் திரும்ப நடத்தியபோது பழைய தொகையில் சிறு பங்கே வந்தது.

வைரல் ஆவதற்கு மறுபக்கமும் உண்டு. உகாண்டாவின் கிளர்ச்சித் தலைவர் ஜோசஃப் கோனியைப் பிடிக்கக் கோரி 2012 மார்ச்சில் வெளியான "கோனி 2012" வீடியோவை ஒரே வாரத்துக்குள் பத்துக் கோடி முறை பார்த்தார்கள். அதே வாரத்தில் அதை எடுத்த இன்விசிபிள் சில்ட்ரன் அமைப்பின் கணக்குவழக்கும், சிக்கலை மிகையாக எளிமைப்படுத்தியதும் கடும் விமர்சனத்துக்கு உள்ளாயின. உங்கள் இணையதளத்தில் தணிக்கை செய்த கணக்கு இல்லையென்றால், வைரல் ஆகாமல் இருப்பது நல்லது.

ஆதரவாளர்களே தங்கள் பெயரில் திரட்டித் தர முடியுமா?

முடியும். சிறு நிறுவனத்துக்கு இதுவே மிகச் சிறந்த வழி என்பது எங்கள் கருத்து. முகம் தெரியாத அமைப்பை விட, தெரிந்த நண்பர் கேட்டால் கொடுப்பவர்கள் அதிகம். பிரிட்டனில் டாம் மூர் என்ற முன்னாள் ராணுவ அதிகாரி 2020-ல் தன் நூறாவது பிறந்தநாளுக்குள் தோட்டத்தை நூறு சுற்று நடப்பதாக அறிவித்தார். முதல் இலக்கு 1,000 பவுண்டுதான். முடிவில் 3 கோடி பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. எண்ணக்கூடிய செயல், தெளிவான கெடு, எட்டக்கூடிய இலக்கு மூன்றும் அதில் இருந்தன.

அப்படி முன்வருபவரிடம் வெறுமனே "ஷேர் செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு விடாதீர்கள். இரண்டு படம், நான்கு வரி மாதிரி வாசகம், இணைப்பு, நண்பர்கள் கேட்கக்கூடிய மூன்று கேள்விகளுக்குப் பதில் ஆகியவற்றை ஒரே செய்தியில் அனுப்புங்கள். மாதிரி வாசகத்தைத் தன் நடையில் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். பத்துப் பேர் ஒரே வாசகத்தைப் போட்டால் அது சுற்றறிக்கை போலாகிவிடும். இன்னொன்று, தளங்களின் சொந்த நன்கொடைக் கருவி வழியே வரும் பணத்தோடு கொடுத்தவரின் தொடர்பு விவரம் பெரும்பாலும் வராது. நன்றி சொல்லக்கூட வழியிருக்காது. அதனால் முடிந்தவரை உங்கள் பக்கத்துக்கே அழைத்துவரச் சொல்லுங்கள்.

பணம் கட்டி விளம்பரம் செய்யலாமா?

நன்கொடைப் பக்கம் ஒழுங்காக வேலை செய்கிறது என்று உறுதியான பிறகு செய்யலாம். பதிவின் கீழே வரும் "பூஸ்ட்" பொத்தானை அப்படியே அழுத்தினால், பெரும்பாலும் லைக் போடும் வழக்கமுள்ளவர்களிடம் காட்டும். ஆட்ஸ் மேனேஜர் என்ற விளம்பரக் கருவிக்குள் போய், பணம் செலுத்துதலை இலக்காக அமைக்க வேண்டும்.

கணக்கை முன்கூட்டியே போடுங்கள். 6,000 செலவில் 12 பேர் கொடுத்தால், ஒரு நன்கொடையாளரைப் பெற 500 ஆகிறது. சராசரி நன்கொடை 400 என்றால் முதல் சுற்றில் நட்டம்தான். அவர்களில் பாதிப் பேர் மறுபடி ஒருமுறை கொடுத்தால் லாபம். ஆகவே, திரும்பக் கேட்கவும் நன்றி சொல்லவும் ஏற்பாடு இல்லாத இடத்தில் விளம்பரம் வீண்செலவு. "உங்களுக்குப் புற்றுநோயா?" என்பது போலப் பார்ப்பவரின் உடல்நிலையைச் சுட்டும் வாசகத்தை, ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டாவின் விதிகள் ஏற்பதில்லை, நிராகரித்துவிடும்.

நன்றி எப்போது, எப்படி?

ரசீது உடனே, இயந்திரமே அனுப்பட்டும். மனிதர் எழுதிய நன்றி இரண்டு நாளுக்குள். பெயர் சொல்லி, எந்தப் பணிக்கு என்று குறிப்பிட்டு, இரண்டு வரி போதும். 20 விநாடிக் குரல் பதிவு இன்னும் நல்லது. அந்தச் செய்தியில் மறுபடி பணம் கேட்காதீர்கள். நான்கிலிருந்து எட்டு வாரத்துக்குள், அவர் பணத்தால் நடந்ததைக் காட்டும் ஒரு படமாவது போக வேண்டும். பொதுவெளியில் பெயரையோ தொகையையோ போடுவதற்கு முன் அவரிடம் கேளுங்கள். கொடுத்தது வெளியே தெரிந்தால் உறவினர்கள் கடன் கேட்டு வருவார்கள் என்று அஞ்சுபவர்கள் உண்டு.

"பணத்தையெல்லாம் நீங்களே சாப்பிடுகிறீர்கள்" என்று கமெண்ட் வந்தால்?

அழிக்காதீர்கள். அழித்ததன் ஸ்கிரீன்ஷாட் கமெண்டை விடத் தூரம் போகும். அன்றைக்குள் ஒரே ஒரு பதில்: செலவு விவரம் இருக்கும் பக்கத்தின் இணைப்பு, நிர்வாகச் செலவின் விழுக்காடு, நேரில் பேச ஓர் எண். பதில் அவருக்காக மட்டும் அல்ல, மௌனமாகப் படித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்காகவும்தான். இரண்டாம் சுற்று வாக்குவாதத்துக்குப் போக வேண்டாம். வசை, மிரட்டல், பயனாளியை இழிவுபடுத்துவது ஆகியவற்றை மறைக்கலாம். அந்த விதியைப் பக்கத்திலேயே முன்கூட்டி எழுதி வைத்திருங்கள்.

எங்கள் பெயரில் போலிக் கணக்கு தொடங்கிப் பணம் கேட்கிறார்கள்.

முதலில் கணக்குப் பெயர், முகவரி, க்யூஆர் கோடு தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். புகார் கொடுத்தபின் கணக்கு மறைந்தால் சான்றும் மறைந்துவிடும். தளத்தில் ஆள்மாறாட்டம் என்ற பிரிவில் புகார் செய்யுங்கள். பணம் போகும் வங்கிக்கும் காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவுக்கும் தெரிவியுங்கள். பிறகு உங்கள் பக்கத்தில் உண்மையான கணக்குகளின் பட்டியலை மேலே பொருத்தி வையுங்கள். போலிக் கணக்கின் இணைப்பை மட்டும் எச்சரிக்கைப் பதிவில் போட்டுவிடாதீர்கள், அது அவர்களுக்கு இலவச விளம்பரம்.

எதை அளவிடுவது?

மாதம் நான்கு எண்கள்: நன்கொடைப் பக்கத்துக்கு வந்தவர்கள், அவர்களில் கொடுத்து முடித்தவர்கள், முதல்முறை கொடுத்தவர்கள், இரண்டாம் முறை கொடுத்தவர்கள். எந்தப் பதிவிலிருந்து வந்தார்கள் என்று அறிய ஒவ்வொரு இணைப்பிலும் யுடிஎம் குறியீட்டைச் சேருங்கள், அதாவது தளத்தின் பெயரையும் பிரசாரத்தின் பெயரையும் முகவரியின் கடைசியில் ஒட்டுங்கள். அந்தப் பெயர்களை எல்லோரும் ஒரே மாதிரி எழுதாவிட்டால் அறிக்கை சிதறிப்போகும்.

பழைய கோரிக்கைப் பதிவுகளை என்ன செய்வது?

சிகிச்சை முடிந்த குழந்தைக்காக மூன்று ஆண்டு கழித்தும் பணம் கேட்டுச் சுற்றும் ஃபார்வர்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அனுப்பியதைத் திரும்பப் பிடிக்க முடியாது. அதனால் கெடுத் தேதியைப் படத்துக்குள்ளேயே பெரிதாக எழுதிவிடுங்கள். பிரசாரம் முடிந்ததும் பதிவை அழிக்காமல், முதல் வரியில் "இலக்கு நிறைவேறியது, தேதி இன்னது" என்று திருத்துங்கள். இணைப்புச் சென்றடையும் பக்கத்தையும் மூடாதீர்கள். அந்தப் பணத்தால் நடந்ததைச் சொல்லும் பக்கமாக அதை மாற்றி, இப்போது தேவைப்படும் பணிக்கான பொத்தானைக் கீழே வையுங்கள். தாமதமாக வந்து சேரும் ஃபார்வர்டைத் தொட்டு வருபவருக்கும் அங்கே சரியான தகவல் கிடைக்கும்.